நம்மட ஊர்க் கரண்டுக்கு எந்தப் பவர் சப்ளை?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ கணினி சேர்ப்பதற்கு ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். பிராசசருக்கு முழுப் பெயர் இருக்கும். ரேம் எத்தனை மெகாஹேர்ட்ஸ், எஸ்எஸ்டி எந்தக் கம்பனி என்பதெல்லாம் இருக்கும். பவர் சப்ளைக்கு வந்ததும் "600 வொட்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். பல கொட்டேஷன்களில் அந்த வரியே இராது, "கேசிங் பவர் சப்ளையுடன்" என்று முடிந்துவிடும். மதர்போர்ட், கார்ட், டிஸ்க் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் ஒரே பாகம் அதுதான். அது பழுதாகும்போது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியதும் அதுதான். அதற்குப் பெயர் இல்லாத கொட்டேஷனை வாங்கிக்கொண்டு வரவே கூடாது.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கரண்ட் ஒழுங்காக வரும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. எந்த மெடல் (வெள்ளை, பிரொன்ஸ், கோல்ட் என்று வரும் வினைத்திறன் சான்று), எவ்வளவு சத்தம், கேபிள் கழற்றலாமா என்பதில்தான் அவற்றின் கவனம் போகும். நமக்கு முதல் கேள்வி வேறு. சுவரிலிருந்து வரும் கரண்ட் ஒரு நொடி தடுமாறினால் இந்தப் பெட்டி, அதாவது பவர் சப்ளை, என்ன செய்யும்? விலை, மெடல், வொட் எல்லாம் அதற்குப் பிறகு.

லேபலை எப்படி வாசிப்பது

அட்டைப் பெட்டியின் வெளியே பெரிதாக எழுதியிருக்கும் இலக்கத்தை விட்டுவிட்டு, பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், கழித்தல் 12 வோல்ட், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று நிரல்கள் இருக்கும். நமக்கு வேண்டியது 12 வோல்ட்டின் கீழே உள்ள அம்பியர். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டும் யூஎஸ்பி, டிஸ்க் போன்ற சில்லறை வேலைகளுக்கு.

12 வோல்ட்டுக்கு 16 அம்பியர் என்று இருந்தால் 12 × 16 = 192 வொட். வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் கணினிக்கு உதவப் போவது அந்த 192 தான். மீதி இலக்கம் 5 வோல்ட்டுக்கு 28 அம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 30 அம்பியர் என்று யாரும் எடுக்காத இடங்களில் நிரப்பப்பட்டிருக்கும். 2003 இல் பவர் சப்ளைகளுக்கான வழிகாட்டியான ஏடிஎக்ஸ் 12வி 2.0 வந்தபோதே கணினியின் சுமை 12 வோல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னமும் 5 வோல்ட்டைப் பெரிதாகக் காட்டும் லேபல், அந்தப் பழைய வரைபடத்திலேயே பெட்டி செய்யப்படுகிறது என்பதற்குச் சாட்சி. நல்ல 550 வொட் பெட்டியில் 12 வோல்ட் மட்டும் 45 அம்பியருக்குக் கிட்ட இருக்கும், அதாவது முழு வொட்டையும் 12 வோல்ட்டிலேயே தரக்கூடியது. 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்திருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது. கீழே சேர்ந்த உச்சம் என்று தனியாக ஒரு வொட் இருக்கும், அதுதான் கணக்கு.

"காக்கா, 12 வோல்ட் எத்தனை அம்பியர்?" என்று கடைக்காரரிடம் கேட்டால் போதும். பெட்டியைத் திருப்பிக் காட்டும் கடை நல்ல கடை.

லேபலில் இன்னொரு இடமும் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே வரும் வோல்ட் எவ்வளவு என்ற வரி. சிலவற்றில் 100–240 என்று இருக்கும். விலை குறைந்த வெள்ளை, பிரொன்ஸ் பெட்டிகள் பலவற்றில் 200–240 என்று இருக்கும். நகரத்தில் நல்ல லைனில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். டிரான்ஸ்போமரில் இருந்து தூரமாக, லைனின் கடைசியில், அல்லது நெல் ஆலைக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால் இந்த ஒரு வரிக்காகவே ஒரு பெட்டியைத் தள்ளிவைத்து இன்னொன்றை எடுக்கலாம். நமது விநியோக வோல்ட் 230, அதிலிருந்து 6 சதவீதம் கூடிக் குறையலாம் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 216 முதல் 244 வரை. ஆலை மோட்டர் ஸ்டார்ட் எடுக்கும் கணத்திலும், எல்லா வீட்டிலும் மின்விசிறியும் அயன் பெட்டியும் ஓடும் பின்னேரத்திலும் லைன் கடைசி வீடுகளில் அது அதற்குக் கீழே போகும். 200–240 பெட்டி அப்போது அணைந்து அணைந்து எழும்பக்கூடும். 100–240 பெட்டி அதைக் கவனிக்காமல் ஓடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கணினி கொண்டு போகிறவர்கள் முதலில் ஒரு மல்டிமீட்டரால் பின்னேரம் 7 மணிக்குச் சுவர் பிளக்கை அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

யூபிஎஸ் இருந்தும் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது

இந்தப் பகுதியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் முறைப்பாடு இதுதான். கரண்ட் போகிறது, யூபிஎஸ் "டிக்" என்று மாறுகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. யூபிஎஸ்ஸைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் பவர் சப்ளையில். அதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும்.

பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் ஏசி முதலில் டிசியாக மாறி ஒரு பெரிய கப்பாசிட்டரில் சேர்கிறது. வீட்டின் தண்ணி டாங்கி போல: மோட்டர் நின்றாலும் டாங்கியில் இருக்கும் வரை குழாயில் தண்ணி வரும். கரண்ட் போன பிறகு கணினி எத்தனை மில்லி செக்கன் தாங்கும் என்பதை அந்தக் கப்பாசிட்டரின் அளவும் அதிலுள்ள வோல்ட்டும் தீர்மானிக்கின்றன. சாதாரண லைன் இன்டரக்டிவ் யூபிஎஸ் பேட்டரிக்கு மாற ஏறத்தாழ 4 முதல் 10 மில்லி செக்கன் எடுக்கும். ஏடிஎக்ஸ் 3.0 வழிகாட்டி பவர் சப்ளையிடம் எதிர்பார்ப்பது 80 சதவீதச் சுமையில் 17 மில்லி செக்கன், முழுச் சுமையில் 12. ஆகவே ஒழுங்கான பெட்டி என்றால் யூபிஎஸ் மாறுவது கணினிக்குத் தெரியவே கூடாது.

இப்போது கேசிங்கோடு வரும் பெட்டியை எடுப்போம். அதற்குள் 200 வோல்ட், 220 மைக்ரோபரட் கப்பாசிட்டர் இரண்டு தொடராக இருக்கிறது என்று வையுங்கள். தொடராக இருப்பதால் பயன்படும் அளவு 110 மைக்ரோபரட். 230 வோல்ட் வந்தால் அதன் உச்சம் 325 வோல்ட். 240 வோல்ட்டுக்குக் கீழே போனால் இந்தப் பெட்டியால் 12 வோல்ட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று எடுத்துக்கொண்டால், பயன்படக்கூடிய சக்தி அரைவாசி × 110 மைக்ரோபரட் × (325² − 240²), ஏறத்தாழ 2.6 யூல். கணினி 250 வொட் எடுக்கிறது, பெட்டியின் வினைத்திறன் 75 சதவீதம் என்றால் டாங்கியிலிருந்து 333 வொட் வேகத்தில் போகிறது. 2.6 ஐ 333 ஆல் பிரித்தால் 8 மில்லி செக்கன். யூபிஎஸ் 6 மில்லி செக்கனில் மாறினால் தப்பும், 10 எடுத்தால் ரீஸ்டார்ட்.

இது 230 வோல்ட் முழுதாக வரும்போது. பின்னேரம் 190 வோல்ட்டாக இருந்தால் உச்சம் 269 தான். அதே கணக்கில் மிஞ்சும் சக்தி 0.8 யூல், தாங்கும் நேரம் 2 மில்லி செக்கனுக்குச் சற்று மேலே. சாதாரண யூபிஎஸ்ஸால் அதற்குள் மாற முடியாது. பகலில் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாத கணினி இரவில் மட்டும் ரீஸ்டார்ட் ஆவதற்கு இதுவே காரணம். வோல்ட் குறைவாக இருக்கும் வேளையில்தான் கரண்ட் போவதும் கூட.

அக்டிவ் பிஎப்சி (பவர் பெக்டரைத் திருத்தும் சுற்று) உள்ள பெட்டி இந்த இடத்தில் முற்றாக வேறுபடுகிறது. அது உள்ளே வரும் வோல்ட்டை முதலில் ஏறத்தாழ 380 வோல்ட் டிசிக்கு உயர்த்தி, அதைத் தன் எல்லைக்குள் வரும் எந்த வோல்ட்டிலும் அப்படியே வைத்திருக்கும். 330 மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒன்று, 380 இலிருந்து 300 வரை இறங்கலாம் என்றால் 9 யூல். அதே 250 வொட் சுமைக்கு, 88 சதவீத வினைத்திறனில், 31 மில்லி செக்கனுக்கு மேல். சுவரில் 230 வந்தாலும் 190 வந்தாலும் இந்த இலக்கம் மாறாது, ஏனென்றால் டாங்கி எப்போதும் அதே மட்டத்தில் நிரம்பியிருக்கிறது. நமது பகுதிக்கு அக்டிவ் பிஎப்சியை நான் கட்டாயம் என்று சொல்வது இதனால்தான். மின்சாரக் கட்டணம் குறையும் என்பதற்காக அல்ல. வீட்டு மீட்டர் பவர் பெக்டரைக் கணக்கெடுப்பதில்லை.

கண்ணால் அடையாளம் காண ஒரு வழி உண்டு. பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்புச் சறுக்குச் சுவிட்ச் இருந்தால் அதில் அக்டிவ் பிஎப்சி இல்லை. சுவிட்ச் இல்லை என்பதால் மட்டும் இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த மலிவுப் பெட்டிகளிலும் சுவிட்ச் இராது. லேபலில் அல்லது பெட்டியில் அக்டிவ் பிஎப்சி என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சிவப்புச் சுவிட்சைச் சிறுபிள்ளைகள் 115 பக்கம் தள்ளிவிட்டால், அடுத்த முறை கரண்ட் போட்ட உடனே கப்பாசிட்டர்கள் இரட்டை வோல்ட் வாங்கி வெடிக்கும். அப்படிப் பெட்டி வைத்திருப்பவர்கள் சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

யூபிஎஸ் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 650 விஏ என்று எழுதிய யூபிஎஸ் 360 அல்லது 390 வொட் மட்டுமே தரும். பேட்டரியில் ஓடும்போது அது தருவது சைன் அலை அல்ல, படிக்கட்டுப் போன்ற அலை. அக்டிவ் பிஎப்சி பெட்டிகள் அந்தப் படிகளில் கரண்டைத் திடீரென்று இழுக்கும். யூபிஎஸ் சிறிதாக இருந்தால் ஓவர்லோட் என்று கத்தி அணைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு "அக்டிவ் பிஎப்சி யூபிஎஸ்ஸுக்கு ஒத்துவராது" என்று சில இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியான முடிவல்ல. கணினி உண்மையில் எடுக்கும் வொட்டைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தரும் யூபிஎஸ் போட்டால் அநேகமாக எல்லாமே ஓடும். ஒரு விஷயம் கூட: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் வாங்கிய யூபிஎஸ்ஸை இன்னமும் அதே பேட்டரியோடு வைத்திருந்தால், பவர் சப்ளையைச் சந்தேகிக்க முன் அந்த 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பேட்டரியை மாற்றுங்கள். மூன்று, நான்கு வருடத்துக்கு மேல் அது உழைப்பதை எதிர்பார்க்க முடியாது.

மெடலுக்கு எவ்வளவு பெறுமதி

80 பிளஸ் என்பது 2004 இல் தொடங்கிய வினைத்திறன் சான்று. 230 வோல்ட் அளவீட்டில் பிரொன்ஸ் என்றால் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் முறையே 85, 88, 85 சதவீதம். கோல்ட் என்றால் 90, 92, 89. நாளுக்கு 8 மணி நேரம், 150 வொட் எடுக்கும் கணினியில் 85 க்கும் 90 க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் சுவரிலிருந்து 10 வொட் குறைகிறது. மாதத்துக்கு இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. கட்டணத்தில் மிச்சம் பிடித்து கோல்ட்டின் மேலதிக விலையை எடுக்க முடியாது.

ஆனால் கோல்ட் எட்டுவதற்கு உள்ளே இருக்கும் வடிவமே மாறவேண்டியிருக்கிறது, நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். மலிவுப் பெட்டியில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே சுருளில் சேர்த்து, இரண்டின் கலவையைப் பார்த்து ஒழுங்குபடுத்துவார்கள். இன்றைய கணினி 12 ஐ மட்டும் நிறைய இழுப்பதால் 12 கீழே இறங்கும், 5 மேலே ஏறும். கோல்ட்டிலும் நல்ல பிரொன்ஸ்களிலும் 12 வோல்ட் மட்டும் செய்து, அதிலிருந்து சின்னச் சின்ன பலகைகளால் 5 ஐயும் 3.3 ஐயும் எடுப்பார்கள். பெட்டியில் டிசி டு டிசி என்று எழுதியிருப்பது இதைத்தான். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், டிசி டு டிசி உள்ள பிரொன்ஸை அது இல்லாத பிரொன்ஸுக்கு மேலாக எடுங்கள்.

மெடல் இன்னும் பலவற்றைச் சொல்வதில்லை. 80 பிளஸ் சோதனை 23 பாகையில் நடக்கிறது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் அறையில் கேசிங்குக்குள் 40 பாகையைத் தாண்டும். முழு வொட்டையும் 40 பாகையில் தருமா, 50 பாகையில் தருமா என்று நல்ல கம்பனிகள் எழுதுவார்கள். எழுதாதவர்கள் 25 இல் அளந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மின்பகு கப்பாசிட்டரின் ஆயுள் 10 பாகை கூடும்போது ஏறத்தாழ அரைவாசியாகும்; 85 பாகைக் கப்பாசிட்டருக்கும் 105 பாகைக் கப்பாசிட்டருக்கும் உள்ள வித்தியாசம் நமது வெயிலில் நேரே ஆண்டுக் கணக்காகத் தெரியும். "85 பிளஸ்" என்பது போல மெடலைப் பார்த்துச் செய்த ஸ்டிக்கர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் 80 பிளஸ் பட்டியலில் மாதிரி இலக்கத்தைத் தேடுங்கள், இருந்தால் அறிக்கையே கிடைக்கும். சைப்பிரசிலுள்ள சைபனெட்டிக்ஸ் நிறுவனம் வினைத்திறனோடு சத்தத்தையும் அளந்து வெளியிடுகிறது. அவர்களின் அறிக்கையில் தாங்கும் நேரமும் இருக்கும். மேலே சொன்ன கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை, அளந்த இலக்கமே அங்கே உண்டு.

பெயரை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. கோர்சயர் போன்ற பெரிய பெயர்கள் பலவற்றைத் தாங்களே செய்வதில்லை, சிடபிள்யூடி போன்ற தொழிற்சாலைகளிடம் செய்விக்கிறார்கள். ஒரே பெயரில் மேல்தரமும் உண்டு, சாதாரணமும் உண்டு. சீசொனிக் தன் பெட்டிகளைத் தானே செய்யும் கம்பனிகளில் ஒன்று. எதுவானாலும் மாதிரிப் பெயரின் கடைசி எழுத்து வரை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

எத்தனை வொட்

இதில் பலர் தேவைக்கு மேல் செலவு செய்கிறார்கள். கோர் ஐ5 12400 பிராசசர் முழுவேகத்தில் 117 வொட் வரை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் 170. மதர்போர்ட், ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 337. இதற்கு உண்மையான 550 வொட் தாராளம். கார்ட் இல்லாமல் கோர் ஐ3 12100 மட்டும் என்றால் 89 உம் 40 உம், 130 வொட் கூட இல்லை. அதற்கு 400 வொட் நல்ல பெட்டி போதும். அதிலும் குறைந்த வொட்டில் நல்ல பெட்டி கடைகளில் கிடைப்பது அரிது என்பதால்தான் 400 என்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வொட்தான், அதற்காக 750 வாங்கச் சொல்வதில் பொருள் இல்லை. அதே காசில் 550 கோல்ட் வரும்.

பெரிய கார்ட் என்றால் கணக்கு வேறு. ஆர்டிஎக்ஸ் 3080 இன் 320 வொட் ஒரு சராசரிதான். மில்லி செக்கனிலும் குறைந்த நேரத்துக்கு அதைப் போல இரு மடங்கு வரை இழுக்கும். பழைய 650 வொட் பெட்டிகள் அந்த இழுவையை ஷோர்ட் என்று நினைத்து அணைந்துவிட்ட காலம் அது. 2022 இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, பெட்டியின் வொட்டைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ செக்கனுக்குத் தாங்க வேண்டும் என்று எழுதியது. புதிதாகப் பெரிய கார்ட் போடுகிறவர்கள் 3.0 அல்லது 3.1 பெட்டியே எடுங்கள். அதில் வரும் 16 முனை பிளக்கை முழுதாக உள்ளே போகும்வரை அழுத்த வேண்டும், பிளக்கிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை வளைக்கக் கூடாது. பெரும்பாலும் பாதி நுழைந்த பிளக்தான் உருகுகிறது.

எர்த் இல்லாத பிளக்கும் கேசிங்கின் ஷொக்கும்

கேசிங்கைத் தொட்டால் சுறுசுறு என்று ஷொக் அடிக்கிறது என்றால் பவர் சப்ளை பழுது என்று எண்ணி மாற்றிவிடுகிறார்கள். புதியதிலும் அதே ஷொக் வரும். காரணம் இது: மின் இரைச்சலைத் தடுக்க, ஒழுங்கான ஒவ்வொரு பவர் சப்ளையிலும் பேஸிலிருந்து கேசிங்குக்கு ஒரு சின்னக் கப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து கேசிங்குக்கு இன்னொன்று இருக்கும். எர்த் இணைந்திருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். மூன்று முனைக் கேபிளை இரண்டு முனை மாற்றியில் செருகி எர்த்தை விட்டுவிட்டால், இரண்டு கப்பாசிட்டரும் 230 ஐப் பாதியாகப் பிரித்து, கேசிங் 115 வோல்ட்டுக்குக் கிட்ட மிதக்கும். உண்மையில் நல்ல பவர் சப்ளையில்தான் இது தெளிவாகத் தெரியும். மலிவுப் பெட்டியில் அந்தக் கப்பாசிட்டர்களையே மிச்சம் பிடித்திருப்பார்கள். கசிவு மில்லி அம்பியர் அளவுதான், ஆனால் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகும் கணத்தில் அது போர்ட்டின் வழியே போய்ப் போர்ட்டை எரிக்கக்கூடும்.

தீர்வு எர்த். 13 அம்பியர் சதுர முனை பிளக்கை நேரே சுவரில் செருகுங்கள், இரண்டு முனை மாற்றியைத் தூக்கிப் போடுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பிளக்கின் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட் சரி, பத்துக்கு மேல் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். கல்லடி, காத்தான்குடி, நிந்தவூர், ஒலுவில் என்று கரையோரம் முழுக்க மணல். மேல் மணல் வெயில் காலத்தில் காய்ந்துவிடும், எர்த் கம்பி இரண்டடி மட்டும் இறங்கியிருந்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஈரம் நிலைக்கும் ஆழம் வரை கம்பி இறங்க வேண்டும். இணைப்பை உப்புக்காற்று அரிக்கும் என்பதால் அந்த கிளாம்பை வருடத்துக்கு ஒருமுறை பார்த்து இறுக்குங்கள்.

கொமினிகேஷன் கடைகளிலும் கணினி வகுப்புகளிலும் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுவதும் இதன் தொடர்ச்சி. ஒவ்வொரு கணினியும் 1 முதல் 2 மில்லி அம்பியர் எர்த்துக்குக் கசியவிட்டால், பதினைந்து கணினிக்கு 15 முதல் 30. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதன் பாதி, 15 இலேயே விழ அனுமதி உண்டு. பவர் சப்ளையை மாற்றி வேலையில்லை, எர்த்தைக் கழற்றவே கூடாது. கணினிகளை இரண்டு, மூன்று ட்ரிப் சுவிட்சுகளுக்குப் பிரிக்க வேண்டும்.

எந்த நல்ல பெட்டியாலும் தடுக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். காற்றுக்குத் தென்னோலை விழுந்து லைனின் நியூட்ரல் அறுந்தால், ஒரு பேஸில் இருக்கும் வீட்டுக்கு 400 வோல்ட்டுக்குக் கிட்ட வரலாம். விளக்குகள் சில வீட்டில் பிரகாசமாகவும் சில வீட்டில் மங்கலாகவும் எரிவது அதன் அடையாளம். அப்போது மெயின் சுவிட்சை இறக்குங்கள். ஐப்பசி இடியின்போது சுவர் பிளக்கைக் கழற்றுங்கள், தொலைபேசிக் கம்பியில் ஓடும் ரவுட்டர் என்றால் அதன் கம்பியையும் நெட்வேர்க் கேபிளையும் சேர்த்து. பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு நெட்வேர்க் கேபிளை விட்டுவைத்தால் மின்னல் அந்த வழியால் மதர்போர்ட்டுக்கு வரும். கரண்ட் வெட்டுக்குப் பிறகு திரும்ப வந்ததும் உடனே ஒன் பண்ணாமல் சில நிமிடங்கள் விடுங்கள்.

பழைய டெல், எச்பி பெட்டிகள்

கைமாறி வரும் ஒப்டிபிளெக்ஸ் போன்ற அலுவலகக் கணினிகளைப் பலர் வாங்குகிறார்கள். அவற்றில் 240, 275, 290 வொட் என்று எழுதியிருப்பதைக் கண்டு பயந்து, கேசிங்கோடு வரும் "600 வொட்" ஒன்றைப் போட்டுத் தரச் சொல்வது பெரிய நட்டம். அந்த 275 வொட் உண்மையான 275, அக்டிவ் பிஎப்சி உள்ளது, வருடக்கணக்காக ஓடச் செய்தது. சரியான கார்ட்டைத் தேர்ந்தால் அதுவே போதும்: ஜிடிஎக்ஸ் 1650 இல் தனிப் பவர் பிளக் இல்லாத மாதிரி 75 வொட்டையும் மதர்போர்ட்டிலிருந்தே எடுக்கும். வாங்கும்போது பிளக் இருக்கிறதா என்று பாருங்கள், அதே பெயரில் 6 முனை பிளக் உள்ளதும் வருகிறது.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் மதர்போர்ட் பிளக்கை எண்ணுங்கள். ஒப்டிபிளெக்ஸ் 7010 டவரில் வழக்கமான 24 முனை. 9020 இல் 8 முனை மட்டும், அதற்கு மாற்றிக் கேபிள் வேண்டும். எச்பியில் வேறு வடிவம். மெலிந்த கேசிங்கில் சாதாரண 150 × 86 × 140 மில்லிமீட்டர் பெட்டி உள்ளேயே போகாது.

வாங்கிய பிறகு சோதிப்பது

24 முனை பிளக்கில் பச்சைக் கம்பியையும் கறுப்பையும் ஒரு கம்பித் துண்டால் தொடுத்து, ஃபேன் சுழன்றால் நல்லது என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பெட்டி எழும்புகிறது என்பதை மட்டும் காட்டும், சுமை தாங்குமா என்பதைக் காட்டாது. கணினியில் பூட்டி, ஒரு பாரமான கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெளியே தொங்கும் 4 முனை பிளக்கில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 11.4 க்கும் 12.6 க்கும் இடையே நிற்க வேண்டும். சிவப்பில் 4.75 க்கும் 5.25 க்கும் இடையே. எல்லைக்குள் இருந்தாலும், கேம் தொடங்கும் முன் 12.1 ஆக இருந்தது 11.5 க்கு இறங்கி, சிவப்பு அதே வேளையில் ஏறினால், ஒரே சுருளில் சேர்த்த மலிவு வடிவம்தான் உள்ளே இருக்கிறது. கடை மாற்றித்தரும் நாட்களுக்குள் திருப்பிக் கொடுங்கள். பயோஸ் காட்டும் வோல்ட்டை இதற்கு நம்ப வேண்டாம்.

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லப் போதும். திறந்தால் வொரண்டியும் போகும். பல கடைகள் துருவையும் எரிந்த தடத்தையும் காட்டி வொரண்டியை மறுக்கின்றன, ஆகவே வாங்கும்போதே வொரண்டி அட்டையில் எவையெல்லாம் விலக்கு என்று வாசியுங்கள். ஐந்து வருட வொரண்டி என்றால் அந்த ஐந்து வருடமும் கொழும்புக்கு அனுப்பி எடுத்துத்தரக் கடை இருக்குமா என்பதும் கேள்வி. சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் பழைய, நிலைத்த கடையில் வாங்கச் சொல்வது இதற்காக.

கேபிள் கழற்றும் வகைப் பெட்டியை மாற்றும்போது பழைய பெட்டியின் கேபிளை உள்ளேயே விட்டுப் புதியதைச் செருகாதீர்கள். பவர் சப்ளைப் பக்கத்து முனைகளின் வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும், பிளக் மட்டும் அப்படியே பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், ஒன் பண்ணிய கணத்தில் எல்லா டிஸ்க்கும் எரிந்துவிடும். தகவலைத் திரும்ப எடுப்பதும் கடினம். அதே போல, 4 முனையிலிருந்து சாட்டாவுக்கு (டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் பிளக்) மாற்றும், பிளாஸ்டிக்கில் வார்த்து ஒட்டிய மலிவுக் கேபிள்கள் உள்ளே ஷோர்ட் ஆகி உருகும். சாட்டா பிளக் போதாது என்றால் கூடுதலாக உள்ள பெட்டியை எடுங்கள்.

கடைசியாகப் பல்லி. சூடான இடம் தேடிப் பின்பக்க வலை வழியே நுழைந்து, 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் முனைகளுக்குக் குறுக்கே படுத்துவிடும். எறும்பும் அப்படித்தான். கணினியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், கேசிங்கின் பின்னால் கழற்றிய ஸ்லொட் மூடிகளைத் திரும்பப் பூட்டுங்கள். ஃபேன் கீழ்நோக்கி இருக்கும் கேசிங் என்றால் நிலத்தில் வைக்க வேண்டாம். மணல் தூசி நேரே உள்ளே போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் வலையைத் துடைத்து, வெளியிலிருந்தே காற்றடியுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் வேகமாகச் சுழலாதபடி ஒரு ஈர்க்கால் அதன் இதழைப் பிடித்துக்கொள்ளுங்கள்.